வேனின் முன்சீட்டு

பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில் அந்தப் பெண்ணின் புத்தகப் பையைத் துவைக்க எடுத்தால், அடியில் காய்ந்துபோன எலுமிச்சம்பழத் தோல் கிடக்கும். "வாங்கி வெச்ச பழத்தை எலி தூக்கிட்டுப் போச்சுன்னு நான் தேடிக்கிட்டிருக்கேன், நீ பையில போட்டுக்கிட்டுத் திரியிறியா" என்று அம்மா திட்டுவாள். பிள்ளை வாயைத் திறக்காது. ஒரு நாள் முதுகில் ஓர் அடியும் விழுந்தது. அப்போதும் திறக்கவில்லை.

அந்த வருஷம் முடிந்து விடுமுறை விட்ட பிறகு, தெருக்கோடித் தையல்காரி வழியில் நிறுத்திச் சொன்னபோதுதான் சங்கதி தெரிந்தது. தையல்காரியின் சின்ன மகனுக்கு வேன் வளைவில் திரும்பினாலே குமட்டிக்கொண்டு வருமாம். மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் இவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பழத்தோலைக் கிள்ளி அவன் மூக்கருகே பிடித்துக்கொண்டே வருவாளாம். மடித்த பிளாஸ்டிக் பை ஒன்றும் கையில் தயாராக இருக்குமாம். "ஒரு நாள்கூட என் புள்ள சட்டை நாறி வீட்டுக்கு வந்ததில்ல" என்றாள் தையல்காரி.

அம்மா வீட்டுக்கு வந்து மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக் கேட்டாள். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அப்பாகிட்ட சொல்லுவ. அப்பா வேன்ல சொல்லுவாரு. எல்லாரும் அவனைக் கேலி பண்ணுவாங்கம்மா."

பத்து வயசுப் பெண் சொன்ன பதில் இது. ஒருவருக்குத் தலைகுனிவு வரும் என்றால் அந்த வார்த்தை அவள் பல்லைத் தாண்டி வராது என்று அன்றைக்கே அம்மா எடை போட்டு வைத்துக்கொண்டாள். தாய் போட்ட அந்த எடைதான் பிற்பாடு தப்பாகிப் போனது.

அவளுடைய அப்பாதான் அந்த வேனை ஓட்டினார். ஊருக்கு அவர் 'வேன்காரர்'. காலையில் பத்தொன்பது பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் பெரிய ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்குவார். சாயங்காலம் அதே பத்தொன்பதையும் திருப்பி அள்ளிக்கொண்டு வருவார். பதினெட்டு வருஷமாக இதே வேலை. குடிக்க மாட்டார். வேகம் போக மாட்டார். வண்டியைக் கிளப்புமுன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். "நான் ஓட்டுறேன்னு நினைக்காதீங்க, மேல இருக்கறவன் ஓட்டுறான்" என்பார்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கண் பரிசோதனைப் படிப்புக்கு நகரத்துக்குப் போனாள். வீட்டில் ஒருவருக்கும் அது என்ன படிப்பென்று சரியாகப் புரியவில்லை. "கண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். "டாக்டர் இல்லம்மா, டாக்டருக்கு முன்னால கண்ணைச் சோதிச்சுப் பாக்குற வேலை" என்று மகள் திருத்தினாள். "முன்னால பாக்குறவதான் பெரிய டாக்டர்" என்றாள் அம்மா. அதிலிருந்து ஊரில் அவளுக்குப் பட்டப்பெயரே 'கண்ணு டாக்டர்' என்றாகிவிட்டது.

மகள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. அந்தச் சமயம் பார்த்து, வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வேன்காரர் வீட்டுக்காரியையே ஆயாவாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் முன்சீட்டில், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். "என்னங்க, சோத்தாங்கைப் பக்கம் மாடு நிக்குது. பீச்சாங்கைப் பக்கம் சைக்கிள்காரர் வர்றாரு, தூங்கி வழிஞ்சுக்கிட்டே வர்றாரு. அந்தச் சந்துலேருந்து டிராக்டர் மூக்கை நீட்டுது பாருங்க." பிள்ளைகளுக்கு இது ஒரே கொண்டாட்டம். அவளுக்கு 'ரேடியோ ஆயா' என்று பேர் வைத்தார்கள். காலையில் ஏறும்போதே, "ஆயா, ரேடியோவைப் போடுங்க" என்பார்கள். வேன்காரரும் சிரிப்பார். "இவ வாய் இருக்கும்போது எனக்கு ஹாரன் எதுக்கு" என்பார்.

ஐந்து வருஷம் இப்படி ஓடியது. நடுநடுவே வேனின் பக்கக் கண்ணாடி மூன்று தடவை உடைந்தது. பள்ளிக்கூடத்து கேட் தூணில் ஒரு முறை உரசிக்கொண்டது. அம்மாவின் தம்பி ஒரு மெக்கானிக். ஒவ்வொரு தடவையும் அவன்தான் சரிசெய்து கொடுப்பான். "மாமா, பக்கத்துல கண்ணாடி மாட்டியிருக்கறது வெளியே பாக்கறதுக்கு, தலை சீவறதுக்கு இல்ல" என்று கேலி பண்ணுவான். வேன்காரர், "தூண்தான்டா வந்து இடிச்சுது" என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போது பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பு உருண்டு ஓடும். வாசல் நிலையில் தோள் இடிக்கும். "ஆம்பளைங்களுக்கு எதுவா இருந்தாலும் மூக்குக்கு நேரா வெச்சாத்தான் தெரியும்" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். செம்பை மூக்குக்கு நேராக வைக்கக் கற்றுக்கொண்டாள். செருப்பை நடுவாசலில் போடக் கற்றுக்கொண்டாள். பெண்டாட்டி என்றால் இதெல்லாம் உள்ளதுதான் என்றுதான் நினைத்தாள். வேறு எப்படி நினைக்க முடியும்.

மகள் படிப்பை முடித்து நகரத்திலேயே ஒரு கண்ணாடிக் கடையில் எட்டு மாசம் வேலை பார்த்தாள். கண்ணைச் சோதிக்கும் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். போன பிறகு பிரேம் விற்கிற வேலையாகிவிட்டது. வருகிறவர்களிடம், "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். வாங்கின சம்பளம் விடுதி வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போனது. ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"லீவா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. வந்துட்டேன்."

அவள் படுத்த அறையில் இப்போது தவிட்டு மூட்டையும் பழைய டயரும் கிடந்தன. ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் கட்டிலைப் போட்டுக்கொடுத்தார்கள். வந்த மூன்றாம் நாளே பால்காரம்மா, பாலை ஊற்றிக்கொண்டே, "ஏன்க்கா, கண்ணு டாக்டர் ஊருக்கு வந்துட்டாங்களாமே. ஊர்ல எல்லாருக்கும் கண்ணு தெரியுதே, இனி எப்படிப் பொழப்பு?" என்றாள். அவள் மனசில் விஷம் கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவளுடைய ஆறு வயது மகளும் அந்த வேனில்தான் போய்வந்தது.

அம்மா சிரித்துவிட்டு உள்ளே வந்தாள். உள்ளே வந்ததும் சிரிப்பு மறைந்துவிட்டது. மகள் காதில் விழுந்திருக்கும் என்று தெரியும். பெண்ணோ, டயரின் மேல் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாசம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. லேசான காய்ச்சல். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அவள் வாய்க்கு இப்படிப் பூட்டு விழுந்தது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. "கடவுள் என் வேண்டுதலைக் கேட்டுட்டாரு" என்று வேன்காரர் சிரித்தார். ஏறி இறங்க அவளுக்குத் தெம்பில்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்க மகள் முன்சீட்டில் உட்காருவதென்று பேசிக்கொண்டார்கள். எந்தப் பிள்ளையை யார் கையில் விட வேண்டும் என்று மகளுக்குத் தெரியாதே என்று அம்மாவும் கடைசி சீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

காலைச் சவாரியே ஒரு மாதிரியாக இருந்தது. வேன்காரர் வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே போனார். ஒரு சைக்கிள்காரர் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி நின்று திட்டினார். "இன்னிக்கு ரோடே சரியில்ல" என்று வேன்காரர் இரண்டு தடவை சொன்னார். மகள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

சாயங்காலம் பதின்மூன்று பிள்ளைகளை இறக்கியாகிவிட்டது. பதினாலாவது பால்காரம்மாவின் மகள். நல்ல வெயில். பளிச்சென்ற வெளிச்சம். மகள் இறங்கிப் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து ஏறிக் கதவைச் சாத்தினாள். வேன்காரர் கியர் போட்டார். எதிர்ப்பக்கத்தில் பால்காரம்மாவின் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் பிள்ளை தாயின் கையை உதறிவிட்டு வேனுக்கு முன்னால் ஓடியது.

கடைசி சீட்டு ஜன்னல் வழியாக அம்மா அதைப் பார்த்தாள். எழுந்து நின்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

முன்சீட்டில் மகளும் பார்த்துவிட்டாள். "அப்பா, புள்ள" என்றாள்.

"எங்கே?" என்றார் வேன்காரர்.

கேட்டுக்கொண்டே வண்டியை விட்டார். பிள்ளை அவருக்கு இரண்டு முழ தூரத்தில், பட்டப்பகலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "எங்கே பாப்பா?" என்று மறுபடியும் கேட்டார்.

மகள் எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வேன் குலுங்கி நின்றது. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாகப் பிள்ளைகள் சரிந்தன. வெளியே, முன்விளக்கின் மேல் ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது. பிள்ளை வேனைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தது. கையிலிருந்து விழுந்த சாப்பாட்டு டப்பா சக்கரத்துக்கடியில் தட்டையாகிக் கிடந்தது.

பால்காரம்மா ஓடிவந்தாள். பிள்ளையை வாரி எடுத்தவள் அதன் முதுகில் இரண்டு வைத்தாள். "ரோட்டைப் பாத்துப் போன்னு எத்தனை தடவை சொல்றது, சனியனே" என்று அழுதுகொண்டே அடித்தாள். பிறகு வேன்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, மன்னிச்சுக்கோங்க. தப்பு எம் புள்ள மேலதான். நல்ல வேளை, நீங்களா இருக்கக்கண்டு நிறுத்தினீங்க."

கடைசி சீட்டில் நின்றிருந்த அம்மாவுக்கு அந்தக் கும்பிடு நெஞ்சில் போய்க் குத்தியது. ஏனென்று அந்த நேரத்தில் அவளுக்கே தெரியவில்லை.

"எங்கேருந்து வந்துச்சு இந்தப் புள்ள? வானத்துலேருந்து குதிச்சுதா?" என்று வேன்காரர் முணுமுணுத்தார். மறுபடியும் சாவியைத் திருப்பப் போனார்.

"வேண்டாம்ப்பா. பிரேக்ல ஏதோ சத்தம் வருது. மாமா வந்து பாக்கட்டும்" என்றாள் மகள். பிரேக்கில் சத்தம் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் முன்னால் அப்பனை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று சொன்ன பொய் அது. "மிச்சம் அஞ்சு பேரு வீடும் பக்கத்துலதான். நான் நடத்திக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்றேன்." ஐந்து பிள்ளைகளையும் கைகோத்து நிற்க வைத்து, ரோட்டோரமாக அழைத்துப் போனாள்.

வேனில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். அவள் மெல்ல நடந்து வந்து முன்சீட்டில், தன் இடத்தில் உட்கார்ந்தாள். வேன்காரர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "நீ பேசலைன்னா வேனே ஓட மாட்டேங்குதுடி" என்றார்.

வேடிக்கைக்குத்தான் சொன்னார். சொன்ன வார்த்தை வேனுக்குள்ளேயே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துவிட்டு, இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பெட்டியைத் திறந்து கண் சோதிக்கிற எழுத்துப் பலகையை எடுத்துச் சுவரில் மாட்டினாள். வேன்காரர் கடைசி வரி வரைக்கும் தடுக்கிவிழாமல் படித்தார். "லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும் இப்படித்தான் படிச்சேன். எம்பது வயசு வரைக்கும் உங்க கண்ணுக்குக் கேரண்டின்னாங்க" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்கும் மூச்சு வந்தது.

"இன்னும் ஒண்ணுதாம்ப்பா" என்று மகள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "ஒரு கண்ணைப் பொத்திக்கோங்க. என் மூக்கை மட்டும் பாருங்க. பக்கத்துலேருந்து விரலை அசைச்சுக்கிட்டே கொண்டு வர்றேன். விரல் தெரிஞ்ச உடனே சொல்லுங்க."

அம்மா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கை அவர் காதுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பியது. இரண்டு விரல்கள் ஆடிக்கொண்டே முன்னால் வந்தன. நெற்றிப்பொட்டைத் தாண்டின. அம்மா நின்ற இடத்திலிருந்து அவை நன்றாகத் தெரிந்தன. கன்னத்துக்கு நேரே வந்தன. இன்னும் வந்தன.

"என்ன பாப்பா," என்றார் வேன்காரர் பொறுமையாக. "இன்னும் ஆரம்பிக்கலையா?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மகளின் விரல்கள் அவருடைய முகத்துக்கு ஒரு சாண் எதிரில், ஏறக்குறைய மூக்குக்கு நேராக வந்த பிறகுதான், "ஆங், தெரியுது" என்றார். அடுத்த கண்ணும் அதேதான்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறினா ஓரத்துலேருந்து பார்வை கொஞ்சங்கொஞ்சமாப் போகும்ப்பா" என்றாள் மகள். குரல் உயரவில்லை. "வலிக்காது. நடுவுல மட்டும் நல்லாத் தெரியும். அதனாலதான் எழுத்தெல்லாம் படிக்கிறீங்க. நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இனிமே வேன் ஓட்டக் கூடாது."

வேன்காரர் எழுந்தார். "கடையில பிரேம் வித்துட்டு வந்தவ எனக்கு வைத்தியம் சொல்றியா" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது கசந்திருக்க வேண்டும். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகும்போது தோள் நிலையில் இடித்தது. மூவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

அம்மா மகளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காற்றாக வந்த குரலில் கெஞ்சினாள். "என் குரல் ரெண்டு நாள்ல வந்துடும். நான் இத்தனை வருஷமாப் பாத்துக்கலையா? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு. அதுவரைக்கும் ஓட்டட்டும். நான் பக்கத்துலயே இருக்கேன். நீ யாருகிட்டயும் சொல்லாதே. சொல்லாம இருக்கறது உனக்குப் புதுசா?"

அவள் மனசார நம்பித்தான் கேட்டாள். அவருக்குக் கண் இல்லையென்றால் என்ன, தனக்கு இரண்டு இருக்கிறதே. தாலி கட்டினவருக்குப் பாதிக் கண்ணாக இருப்பதில் என்ன பாவம் என்று நினைத்தாள்.

மகள் அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்து, வண்டிக்குதிரைக்கு மறைப்புக் கட்டுவதுபோலக் கண்களின் இரு பக்கமும் வைத்தாள். "இப்படியே போய்க் கூடத்துலேருந்து என் பேனாவை எடுத்துட்டு வாம்மா."

தான் தினமும் பெருக்கிக் கழுவுகிற வீடு. கண்ணை மூடிக்கொண்டே நடப்பேன் என்பாள். மூன்றாவது அடியில் முழங்கால் ஸ்டூலில் இடித்தது. நிலையில் தோள் மோதியது. அவர் மோதுகிற அதே இடம். அங்கேயே நின்றாள். நேர் எதிரே ஒரு துண்டுச் சுவரும் அதில் தொங்கிய காலண்டரும் மட்டும் தெரிந்தன. மகள் எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"உனக்குப் பக்கத்துலதாம்மா நிக்கிறேன்" என்றது குரல். தொட்டுவிடும் தூரம். "அப்பாவுக்கு எப்பவும் இப்படித்தான். நீ 'மாடு'ன்னு சொல்லி, அது அவர் காதுல விழுந்து, அவர் காலைத் தூக்கி பிரேக்ல வைக்கிறதுக்குள்ள வேன் எவ்வளவு தூரம் போகும்னு என்னைக்காவது பாத்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை. இப்போது கைகளை எடுக்காமலே மனசுக்குள் பார்த்தாள். தெருவோர மின்கம்பத்திலிருந்து பால்காரம்மா வீட்டு வாசல் வரை வேன் போய்விடும். அதற்குள் ஆறு வயதுப் பிள்ளை ரோட்டைக் கடந்துவிடும். அல்லது கடக்காது. ஐந்து வருஷம். காலையிலும் சாயங்காலமும். பத்தொன்பது பிள்ளைகள். தனக்கு ஒரு தும்மல் வந்த நாள் இருந்திருக்கும். பின்னால் திரும்பிப் பிள்ளைகளை அதட்டிய நாள் எத்தனையோ. ஒரு நாள் கண்ணயர்ந்துகூட இருக்கிறாள். அந்த நாட்களிலெல்லாம் அந்த வேனை யார் ஓட்டியது?

கைகளை இறக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கடவுளே, நீ பிடித்துக்கொண்டிருந்த வண்டியை, என் வாய்ச் சாமர்த்தியத்தில்தான் ஓடுகிறது என்று நான் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேனே என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அழுகை வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் வேன்காரர் வழக்கம்போலக் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு ஆணியைத் தடவினார். சாவி இல்லை. பெண்டாட்டி அதை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"குடு. நேரமாகுது."

அவள் தலையை ஆட்டினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவரைப் பார்த்து இல்லை என்று அவள் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

"உனக்கும் நான் குருடனாயிட்டேனா" என்றார். அவள் தம்பியிடம் சாவியைக் கொடுத்து அன்றைய சவாரிக்கு அனுப்பினாள். "என்னக்கா, மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அவன் கேட்டான். மகள்தான் சொன்னாள். கேட்டுவிட்டு மெக்கானிக் வேனின் பக்கக் கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று தடவை அதை மாட்டினவன் அவன். மூன்று தடவையும் கேலி பண்ணினவன்.

அதற்குப் பிறகு அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். "ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லணும். நான் சொல்றேன். என் குரல் எட்டலைன்னா மட்டும் நீ சொல்லு."

"உடம்பு தேறட்டும்மா. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"நீ சொன்னா, பொண்ணு அப்பனைக் காட்டிக் குடுத்துச்சும்பாங்க. நான் சொன்னா, கூட இருந்தவ ஒத்துக்கிட்டான்னு இருக்கும்."

அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று சேர்த்து, பத்தொன்பது பிள்ளைகளுக்கும் பதினாலு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, வருகிறவளின் காதருகே குனிந்து, காற்றுக் குரலில் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "அவருக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியலையாம். எங்களுக்கும் நேத்துதான் தெரியும். நான் சொல்லச் சொல்லத்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்காரு."

சிலருக்கு உடனே புரியவில்லை. சிரித்தார்கள். "என்ன ரேடியோக்கா, குரல் போனாலும் குசும்பு போகல" என்றாள் ஒருத்தி. புரிந்ததும் முகம் சுண்ணாம்பாகியது. மளிகைக் கடைக்காரர், "அஞ்சு வருஷமா?" என்று கேட்டார். "அஞ்சு வருஷமா?" என்று மறுபடியும் கேட்டார். கடையின் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டார். தையல்காரி மட்டும் அவளை உள்ளே கூப்பிட்டு வெந்நீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் இருக்கும் திசையையே எட்டி எட்டிப் பார்த்தாள். அவளுடைய பேரப்பிள்ளையும் அந்த வேனில்தான் போகிறது.

கடைசியாகப் பால்காரம்மா வீடு. பால்காரம்மா கேட்டு முடித்துவிட்டு மாட்டுக் கொட்டகைத் திண்டில் உட்கார்ந்தாள். பிறகு தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நேத்து நான் எம் புள்ளையை அடிச்சேன்."

அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்க்கா. நானு."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பால்காரம்மாவின் முன்னால் கைகூப்பி நின்றாள். அந்தக் கும்பிடைப் பால்காரம்மா வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. எழுந்து கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் மகள் சொன்னதையேதான் சொன்னார்கள். போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு முற்றிய கண்ணோடு பள்ளிக்கூட வேன் ஓட்டினார் என்பதைக் கேட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேனை மெக்கானிக் தம்பியே எடுத்து ஓட்டினான். ஏழு பிள்ளைகள் வேறு வண்டிக்கு மாறிவிட்டன. பால்காரம்மா மகளைத் தானே நடத்திக் கூட்டிப்போனாள்.

ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். "படிக்க வெச்சாரு, வந்து அப்பன் பொழப்புல மண்ணைப் போட்டுச்சு" என்றார்கள். மகளுக்கு முன்னால் அதைச் சொன்னவர்களும் உண்டு. அவள் தலைகுனியவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. ஆனால் வீட்டில் வேன்காரர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சொட்டு மருந்தை அவள் எடுத்துவந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். பெண்டாட்டி எடுத்துவந்தால்தான் திறப்பார். ஏழு மாசம் ஒரே கூரையின் கீழ் அப்பனும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அம்மாவுக்குக் குரல் எப்போதோ திரும்பிவிட்டது. பேச்சுதான் குறைந்துபோனது.

அந்த ஏழு மாசமும் மகள் அப்பாவுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். நேராகச் சொல்லாமல் அம்மா மூலமாகச் சொன்னாள். நடக்கும்போது நாலு அடிக்கு ஒரு முறை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் தெரியாததை நடுவுக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம். "நான் என்ன பொம்மையா, தலையை ஆட்டிக்கிட்டே போறதுக்கு" என்று வேன்காரர் மறுத்தார். வாசலில் கட்டைச்சுவரில் மோதி நெற்றி புடைத்தாலும் திருப்ப மாட்டார். அம்மாவும் மனசு கேட்காமல், "இந்தப் பக்கம் படி இருக்கு, அந்தப் பக்கம் வண்டி வருது" என்று சொல்லிக்கொண்டே கூட நடப்பாள்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்கள் மகளைப் பார்த்து வைத்திருந்தார்கள். தொலைவிலிருக்கும் வேறொரு கிளையில் கண் சோதிக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை பிரேம் விற்கிற வேலை இல்லை. போவதென்று முடிவாயிற்று.

கிளம்பிய அன்று காலை பஸ் நிறுத்தத்துக்கு அம்மா மட்டும் வந்தாள். பஸ் வந்து நின்றுவிட்டது. டிரைவர் கீழே இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியை ஏற்றிவிட்டு மகள் கீழே நின்று அம்மாவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்போது ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து வேன்காரர் தனியாக நடந்து வருவது தெரிந்தது. யாரும் வழி சொல்லாமல் அத்தனை தூரம் அவர் தனியாக வந்ததே இல்லை.

வந்தவர் பஸ்ஸுக்கு எதிரே நின்றார். நேராகப் பார்த்தார். ஜன்னல் ஜன்னலாகத் தேடினார். முதல் ஜன்னல், இரண்டாவது, கடைசி ஜன்னல். எதிலும் மகள் இல்லை. அவருடைய சோற்றுக்கைப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய உதடு கோணியது. பஸ் போய்விடப் போகிறது, பெண் முகம் கொடுக்காமலே உள்ளே உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார் போல.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

மகள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லாதேம்மா. அப்பாவே திரும்பிப் பாக்கட்டும். பஸ் போனாலும் பரவாயில்ல, அடுத்த பஸ்ல போய்க்கிறேன்."